தலைக்கவசமும் சும்மாடும்

கட்டட வேலையில் ஆள் செத்துப்போனால் முன்பெல்லாம் ‘விதி’ என்று சொன்னார்கள். இப்போது ‘பாதுகாப்புப் பயிற்சி போதவில்லை’ என்று சொல்கிறார்கள். விதி என்றபோது பழி கடவுள்மேல் போயிற்று. பயிற்சி போதவில்லை என்றால் பழி செத்தவன்மேல் போகிறது. இரண்டு சொல்லிலும் தப்பித்துக்கொள்கிறவன் ஒருவனே. அவன் கட்டடத்துக்குச் சொந்தக்காரன், குவாரிக்குச் சொந்தக்காரன், காண்ட்ராக்டை எடுத்து அதைப் பத்துப் பேருக்குப் பங்குபோட்டு விற்றவன். இந்தப் புதுச் சொல்லை நாம் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிற்சி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. யாருக்குப் பயிற்சி, எதற்குப் பயிற்சி, பயிற்சி பெற்றவன் கையில் என்ன அதிகாரம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

கட்டட வேலைத்தள மேலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி இன்று ஒரு பெரிய வியாபாரம். இங்கிலாந்தில் எஸ்.எம்.எஸ்.டி.எஸ். என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஐந்து நாள் வகுப்பு, கடைசியில் தேர்வு, ஐந்து வருடம் செல்லும் சான்றிதழ். பிறகு இரண்டு நாள் மறுபயிற்சி. நெபோஷ் என்கிற தேர்வு வாரியம் 1979 முதல் அங்கே இருக்கிறது. அந்த நெபோஷ் சான்றிதழுக்குத்தான் வளைகுடா வேலையை நம்பி நம்ம பையன்கள் அம்மையின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். டிப்ளமோ படித்துவிட்டு வேலையில்லாமல் கிடக்கிறவனுக்கு ‘சேஃப்டி ஆபீசர்’ என்பது ஒரு கனவு. கனவு காண்பதைக் குறை சொல்ல முடியாது. துபாயிலும் தோஹாவிலும் அவன் மற்றவனைப் பார்த்து ‘பெல்ட்டை மாட்டு’ என்று அதட்டுகிறான். அவன் சித்தப்பா இங்கே அதே நேரத்தில் சவுக்குக் கம்பு சாரத்தில் வெறுங்காலோடு நிற்கிறார்.

இந்தப் பயிற்சி அந்த நாட்டில் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் 1974இல் ஒரு சட்டம் வந்தது. வேலையிடத்தில் தொழிலாளியின் உயிருக்கும் உடம்புக்கும் முதலாளி பொறுப்பு என்றது. நிறுவனம் செய்த குற்றம் மேலாளரோ இயக்குநரோ உடந்தையாக இருந்ததால், அல்லது அவருடைய அலட்சியத்தால் நடந்திருந்தால் அவரும் குற்றவாளிதான் என்றது. 1994இல் கட்டுமானத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. கட்டடம் யாருக்காக எழும்புகிறதோ அவருக்கும், வரைபடம் போடுகிறவருக்கும் அவை பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தன. கூண்டில் ஏற வேண்டியிருக்குமே என்ற பயம் மேலாளர்களுக்கு வந்தது. பயம் வந்த பிறகு பயிற்சி வந்தது. நம்ம ஊரில் பயத்தை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள். வேரை வெட்டிப்போட்டுவிட்டுப் பூவை மட்டும் சட்டையில் குத்திக்கொள்கிற கதை.

இனி நம்ம ஆற்றங்கரைக்கு வருவோம்.

தாமிரபரணியில் மணலை அள்ளி அள்ளி ஆற்றைக் குழியாக்கினார்கள். தோழர் நல்லகண்ணு வழக்குப் போட்டார். 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை போட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் கட்டடம் கட்டுகிறவன் மணலில்லாமல் இருப்பானா? எம்-சாண்டுக்குப் போனான். எம்-சாண்டு என்றால் பாறை. பாறை என்றால் வெடி, கம்ப்ரசர், ஹிட்டாச்சி, கிரஷர். ஆற்றைத் தோண்டியது போய்ப் பாறையைத் தோண்டுவது பெருகிற்று. பாளையங்கோட்டையைச் சுற்றி எழும்புகிற ஒவ்வொரு மாடிக்கும் எங்கேயோ ஒரு பள்ளம் இருக்கிறது.

அப்படி ஒரு பள்ளம் அடைமிதிப்பான்குளம். 2022 மே 14, சனிக்கிழமை இரவு. ஏறக்குறைய 300 அடி ஆழம் என்று செய்திகள் சொல்லின. மேலேயிருந்து பாறை சரிந்தது. ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. இரண்டு பேர் பிழைத்தார்கள். நான்கு பேர் செத்தார்கள். கடைசி உடலை எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. ஊரெல்லாம் உறங்குகிற நேரத்தில் அந்த ஆழத்தில் வண்டி ஓட்டிக்கொண்டும் பாரம் ஏற்றிக்கொண்டும் இருந்தவர்கள் கூலிக்காரர்கள்.

இதில் பயிற்சிக் குறை எங்கே இருக்கிறது? குவாரிக்குள் மேலாளர் என்பவர் சும்மா வந்து நிற்கிறவர் அல்ல. அன்று நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டு விதிமுறைகளும் மேலாளருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றன. வெடி வைக்கிறவருக்கும் சான்றிதழ் வேண்டும் என்றன. வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தொழிற்பயிற்சி கொடுக்க 1966இலேயே தனி விதிகள் போட்டார்கள். கெட்டியான பாறையை வெட்டும்போது பக்கங்களைப் படிப்படியாக வெட்ட வேண்டும், ஒரு படி ஆறு மீட்டருக்குமேல் உயரக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். ஆறு மீட்டர் என்றால் ஏறக்குறைய இருபது அடி. 300 அடிப் பள்ளத்துக்குப் பதினைந்து படி வேண்டும். ஆனால் படி விட்டு வெட்டினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கல் நின்றுபோகும். நிற்கிற கல் முதலாளிக்கு நட்டம். நட்டுக்குத்தாக வெட்டினால் கல் முழுக்கக் காசு. இந்தக் கணக்குத் தெரியாமலா குவாரி நடத்துகிறார்கள்? நன்றாகத் தெரியும். தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் பயிற்சி. தெரிந்தே செய்கிறவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு மாவட்டத்துக் குவாரிகளை நிறுத்தி ஆய்வு செய்தார்கள். நான்கு பிணம் விழுந்த பிறகு அளக்கிற டேப்பை, விழுவதற்கு முன்னால் எந்தப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள்?

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2021 டிசம்பர் 17. திருநெல்வேலி டவுன் சாப்டர் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். ஒன்றுக்குப் போன பிள்ளைகள். சுவருக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. ‘கழிப்பறைதானே, சும்மா தூக்கு’ என்று சொல்கிற வாய்தான் இந்த நாட்டில் மேலாண்மை. பீ, மூத்திரம் சம்பந்தப்பட்ட கட்டடம் என்றால் அதற்குச் சிமெண்டுகூடக் குறைத்துப் போடலாம் என்கிற மனதுக்குச் சாதியைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பது?

பெரிய உதாரணம் வேண்டுமா? போரூருக்குப் பக்கத்தில் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28. பதினோரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கமிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம்ம ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள். அது மேஸ்திரி மட்டும் நின்று கட்டிய வீடு அல்ல. பட்டம் பெற்ற பொறியாளர்கள் கணக்குப் போட்டது, அரசாங்கம் வரைபடம் பார்த்து அனுமதி கொடுத்தது. படிப்புக்கா அங்கே பஞ்சம்?

அடுத்து சட்டம். தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் தெருவில் நின்று போராடியதன் பின்னணியில்தான் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. 1996இல் மத்திய அரசின் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியும் அதோடு வந்தது. அந்த 1996 சட்டம் என்ன சொன்னது? 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், 2020இல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. அதில் கட்டட வேலைக்குப் பாதுகாப்பு அலுவலர் வைக்க வேண்டிய எண்ணிக்கையை 250 ஆக இறக்கியிருக்கிறார்கள். முன்னேற்றம்தானே என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான எண்ணிக்கையை இருபதிலிருந்து ஐம்பதுக்கு ஏற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? அதைச் சொல்லமாட்டார்கள்.

அண்ணாச்சி, கே.டி.சி. நகரிலும் தச்சநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் போய் எண்ணிப் பாருங்கள். எந்த வேலையில் 250 பேர் நிற்கிறார்கள்? ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், இரண்டு கையாள், நாலு சித்தாள். ஒன்பது பேர். பத்துப் பேருக்குக் கீழே போனால் பழைய சட்டமும் கிடையாது, புதுச் சட்டமும் கிடையாது. பெரிய வேலையில் 200 பேர் நின்றாலும் சென்ட்ரிங் ஒருவனுக்கு, கம்பி ஒருவனுக்கு, பூச்சு ஒருவனுக்கு, டைல்ஸ் ஒருவனுக்கு என்று உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். காகிதத்தில் எல்லாமே ஒன்பது பேர் வேலை. சட்டத்தின் வலையில் ஓட்டை எந்த அளவு என்று பார்த்து மீனை வெட்டுகிறார்கள்.

அப்படியானால் இங்கே வேலைத்தள மேலாளர் யார்? மேஸ்திரிதான். நமக்கு அவர் பாதி முதலாளி, முதலாளிக்கு அவர் முழு வேலைக்காரர். ஆள் விழுந்தால் போலீஸ் முதலில் பிடிப்பதும் அவரைத்தான். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. பழைய சட்டத்தில் இரண்டு வருடம், 2024 ஜூலைக்குப் பிறகு ஐந்து வருடம் வரை தண்டனை. தண்டனை ஏறியிருக்கிறது, சரி. அந்தத் தண்டனை யாருடைய கழுத்தைத் தேடிப் போகிறது? சாரத்துக்குக் கம்பு வாங்கக் காசு தராதவன் கழுத்தையா, கிடைத்த கம்பில் சாரம் கட்டியவன் கழுத்தையா?

ஒரு தடவை பாளையங்கோட்டைப் பக்கம் அடுக்குமாடி வேலை ஒன்றில் நடந்த பாதுகாப்பு வகுப்புக்குப் போயிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை, எல்லா இடமும் அப்படித்தான். முன்வரிசையில் பொறியாளர்கள், சூப்பர்வைசர்கள். நாற்காலி அவர்களுக்கு. கொத்தனார்கள் பின்னால் நின்றார்கள். சித்தாள்கள் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். படங்கள் இங்கிலீஷில் ஓடின. ஒரிசாக்காரப் பையன்களுக்கு அதுவும் புரியவில்லை, நடுநடுவே வந்த தமிழும் புரியவில்லை. கடைசியில் எல்லாருக்கும் மஞ்சள் தொப்பியைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ முடிந்ததும் தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இதை வீட்டில் வந்து சொன்னேன். எங்க அம்மை இருபத்தேழு வருசம் சித்தாளாக நின்றவள். சிரித்துவிட்டாள். “ஏல, சட்டி தலையில இருக்கும்போ தொப்பிய எங்கல வைக்க? சும்மாட்டுக்கு மேலயா, கீழயா?” என்றாள்.

உலகத்துப் பாதுகாப்புப் புத்தகங்களையெல்லாம் புரட்டுங்கள். முதல் படம் தலைக்கவசம். தலை காலியாக இருக்கிறவனை மனதில் வைத்துப் போட்ட படம் அது. சித்தாளின் தலை காலியாக இல்லை. அதில் சும்மாடு இருக்கிறது, சும்மாட்டின்மேல் சாந்துச் சட்டி இருக்கிறது. தலையே பாரம் ஏற்றுகிற இடமாக ஆக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடம்பு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. அவளுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முதலில் அந்தச் சட்டியைத் தலையிலிருந்து இறக்க வேண்டும். கப்பி போடு, பாரம் தூக்குகிற மிஷின் வை, சாரத்துக்குப் பலகை போட்டுக் கைப்பிடி கட்டு. அதற்குக் காசு ஆகும். தொப்பிக்குச் சில நூறு ரூபாய் போதும். அதனால்தான் தொப்பி முன்னால் வருகிறது.

பெல்ட்டும் அப்படித்தான். பெல்ட் மனுசனைப் பிடிக்காது. பெல்ட்டின் கொக்கியை மாட்டுகிற இடம்தான் பிடிக்கும். கயிறு கட்டிய சவுக்குக் கம்பில் கொக்கியை மாட்டினால் கம்போடு சேர்ந்து விழ வேண்டியதுதான். வானம் தோண்டுகிற வேலையைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் கனம். கழுத்துவரை மண் மூடினால் மூக்கு வெளியே இருந்தாலும் நெஞ்சு விரியாது, மூச்சு வாங்க முடியாது. ஆள் உயரத்துக்குத் தோண்டும்போது பக்கத்தைச் சரிவாக வெட்டணும், இல்லையென்றால் பலகை அடைத்து முட்டுக்கொடுக்கணும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக்கூடாது. இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நாள் வேண்டாம், அரை மணி போதும். முட்டுக்கொடுக்கப் பலகையும் ஒரு நாள் கூலியும் யார் தருவது என்பதுதான் கேள்வி.

அம்மையின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் ஏற்காது. ஈரச் சிமெண்டு கடும் காரம், தோலைத் தின்னும். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையாகி ஆயுசுக்கும் அரிப்பாக நிற்கும். கிரஷரிலும் குவாரியிலும் பறக்கிற கல்தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். அதற்கு மருந்து கிடையாது. இவர்கள் யாரும் ‘விபத்தில்’ சாவதில்லை. அதனால் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. விழுந்து செத்தால் ஒரு நாள் செய்தி, இருமிச் செத்தால் செய்தியே இல்லை.

ஒரு வேலைத்தளத்தை மேலிருந்து கீழே பாருங்கள். வரைபடம் போடுகிறவர் யார், மேற்பார்வை பார்ப்பவர் யார், கரண்டி பிடிப்பவர் யார், வானம் தோண்டுகிறவர் யார், செப்டிக் டேங்குக் குழிக்குள் இறங்குகிறவர் யார்? கீழே இறங்க இறங்க நம்ம காலனிக்காரர்கள் கூடிக்கொண்டே போவார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே தட்டுத்தட்டாகப் பிரித்து வைப்பது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் சொன்னார். கட்டட வேலையில் அது ஆபத்தைப் பிரித்து வைப்பதாகவும் இருக்கிறது. சித்தாளாக வந்தவள் இருபது வருசம் கழித்தும் சித்தாளாகவே போகிறாள். பூச்சு வேலை அவளுக்குத் தெரியாதா? கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் எத்தனை சுவரை அவள் பூசியிருக்கிறாள்! கரண்டியை மட்டும் அவள் கையில் நிரந்தரமாகக் கொடுக்கமாட்டார்கள்.

இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். நம்ம ஆட்களே அவர்களை ‘வடக்கன்’ என்று பேசுகிறார்கள். தோழர்களே, அந்தப் பையன்களில் எத்தனை பேர் தலித்துகள், ஆதிவாசிகள் என்று பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். நம்ம கூலியைக் கெடுக்க வந்தவன் அல்ல அவன். நம்ம உயிருக்கு வைத்திருந்த மலிவு விலையை இன்னும் இறக்குவதற்காக முதலாளி கூட்டிவந்த ஆள். அவனை அடித்து விரட்டினால் விலை ஏறாது. அவனையும் சேர்த்துக்கொண்டு நின்றால்தான் ஏறும்.

ஆள் செத்த பிறகு நடக்கிற நாடகமும் நமக்குத் தெரியும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பிணவறை வாசல். பெண்டாட்டி தரையில் கிடந்து அழுகிறாள். மரத்தடியில் காண்ட்ராக்டரின் ஆளும் ஊர்ப் பெரியவரும் ஒரு தொகையைப் பேசுகிறார்கள். “கேஸுன்னு போனா பத்து வருசம் அலையணும் தாயி, கெடைக்கிறத வாங்கிட்டுப் போ” என்று ஒருவர் ஆறுதல் சொல்கிறார். 1923இலிருந்தே இந்த நாட்டில் வேலையில் செத்தவனுக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கிக் கொடுக்கணும். அது பிச்சை அல்ல, கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட நம்மிடையே ஒரு மாணவர் அந்த மரத்தடியில் நிற்கிறாரா? கவிதை எழுதுகிறவர்கள் இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பயிற்சி வேண்டும் என்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை இவைதான். பயிற்சி பட்டதாரிக்கு மட்டும் அல்ல, மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேண்டும். அவரவர் பேசுகிற மொழியில் வேண்டும். வகுப்பு நாளுக்கு முழுக் கூலி வேண்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வசூலிக்கிற வரிப்பணம் எங்கே போகிறது? அதிலிருந்து கொடுக்கட்டும். ஒவ்வொரு வேலைத்தள வாசலிலும் இடத்துச் சொந்தக்காரர், காண்ட்ராக்டர், பொறியாளர் பெயர்களை எழுதி வைக்கட்டும். ஆள் விழுந்தால் வழக்கில் முதல் பெயர் அந்தப் பலகையின் முதல் பெயராக இருக்கட்டும். ஒன்பது பேர் வேலை என்ற ஓட்டையை அடைக்கட்டும். இரண்டு பேர் நின்றாலும் உயிர் உயிர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்துகிற உரிமை. 1988இல் ஜெனிவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு கட்டட வேலைக்கென்று 167ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம், அது அவர் உரிமை என்கிறது அது. நம்ம 2020 தொகுப்புச் சட்டம் என்ன தருகிறது? ஆபத்து என்று தோன்றினால் முதலாளியின் கவனத்துக்குக் கொண்டுவரலாமாம். ஆய்வாளரிடமும் சொல்லலாமாம். சரிகிற பாறைக்குக் கீழே நின்றுகொண்டு மனு எழுதலாம் என்று அர்த்தம்.

மனு கொடுக்கப் போனவர்களின் கதை இந்த ஆற்றுக்குத் தெரியும். கூலி கேட்டுச் சிறைக்குப் போன மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடச்சொல்லி 1999 ஜூலை 23 அன்று ஊர்வலம் போனார்கள். பதினேழு பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். ஆற்றைக் கடக்க 1843இல் பாலம் கட்டப் பணம் கொடுத்த சுலோசன முதலியார் பெயரில் பாலம் இன்றும் நிற்கிறது. கொடுத்தவர் பெயர் நிற்கட்டும். அந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். மேலாளர்களுக்கும் அமைச்சர்களுக்கும் அதைவிடச் சிறந்த பயிற்சி வகுப்பு கிடையாது. ஐந்து நாள் வேண்டாம், ஒரு நாள் போதும். நாலாவது மாடிக்கு நாற்பது சட்டி சாந்து சுமக்கட்டும். முட்டுக்கொடுக்காத வானத்துக்குள் இறங்கி நிற்கட்டும். அதன் பிறகு சான்றிதழை நம்ம சித்தாள்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ரேகை இல்லாத விரல்தான், ஆனாலும் அந்தக் கையெழுத்து செல்லும்.